அரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே போங்கள்

புதுச்சேரிக்கு வடக்கே, இ.சி.ஆர். ஓரத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். வகுப்பில் பாதிப் பேர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பாடத்தில் கடல் அரிப்பு வந்தால் கடல் ஓங்கல், கடல் குகை, கடல் தூண் என்று பாறைக் கரையின் படங்களாகத்தான் இருக்கும். எங்கள் பக்கமோ முழுக்க மணல் கரை. கண்ணில் படுகிற கருங்கல் எல்லாம் லாரியில் வந்து இறங்கியவை. அதனால் அந்தப் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் வேறு யாருடைய ஊர்க் கதையையோ கேட்பதுபோல உட்கார்ந்திருப்பார்கள். இத்தனைக்கும் அவர்களில் சிலரின் வீட்டுப் பின்சுவர் போன மழைக்காலத்தில்தான் கடலுக்குள் போயிருக்கும்.

அந்தப் பாடத்தைக் கரையிலேயே நடத்துவோம் என்று சில வருடங்களுக்கு முன் ஆரம்பித்தது, இப்போது வழக்கமாகிவிட்டது. கடற்கரை ஊர் ஆசிரியர்களுக்கும், கரையோரத்தில் வீடோ மனையோ வைத்திருப்பவர்களுக்கும் உதவக்கூடிய சில விஷயங்கள் அதில் பிடிபட்டன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, கரை எந்த இடத்தில் தேய்கிறதோ அந்த இடத்திலேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நம் கிழக்குக் கரையில் காரணம் பெரும்பாலும் தெற்கே இருக்கும்.

ஏன் தெற்கே? தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி, கிட்டத்தட்ட மார்ச் முதல் அக்டோபர் வரை, அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் ஏறுகின்றன. ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் சரிவின் போக்கில் நேராகக் கீழே இறங்கும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடுகிறது. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, இதுவே திரும்பித் தெற்கே போகும். ஆனால் வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம். ஒரு வருடத்துக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. நாம் நிற்கிற கரை என்பது, போய்க்கொண்டே இருக்கும் மணலின் அந்த நேரத்து இருப்பு, அவ்வளவுதான். தெற்கேயிருந்து வரத்து நின்றாலும் வடக்கே போவது நிற்காது. அப்போது கரை மெலிய ஆரம்பிக்கும்.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் எலுமிச்சம்பழம் போதும். மணலில் 20 மீட்டர் இடைவெளியில் 2 குச்சிகளை நடுங்கள். தெற்குக் குச்சிக்கு நேரே, அலை உடைகிற இடத்தில் பழத்தை எறிந்துவிட்டு, அது வடக்குக் குச்சியைத் தாண்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், அது காற்று அடிக்கிற பக்கம் ஓடிவிடும். பழம் முக்கால்வாசி முங்கி மிதப்பதால் நீரோட்டத்தோடு போகும். ஜூலையில் செய்தால் பொதுவாக வடக்கே போகும், டிசம்பரில் தெற்கே. ஒரே வகுப்பு இரண்டு பருவத்திலும் செய்து பார்த்தால்தான் இதில் பயன். பழத்தைத் திரும்ப எடுக்க யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிடுங்கள். போன பழம் போனதுதான்.

இதைச் செய்தபோது ஒரு பையன், "இதுக்கு எதுக்கு சார் எலுமிச்சம்பழம்? வலை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்தே எங்க தாத்தா சொல்லிடுவாரு" என்றான். சரிதானே. கரைவலை இழுப்பவர்கள் தண்ணீர் ஓடும் திசைக்கு ஏற்பக் கரையில் நகர்ந்துகொண்டேதான் இழுக்கிறார்கள். திசை தவறினால் அன்றைய பாடு போச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஊர்ப் பெரியவர் யாராவது ஒருவரை அழைத்துக்கொள்கிறோம். அவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "எவ்வளவு கடல் உள்ளே வந்திருக்கு தாத்தா?" என்று கேட்டால் "எங்கேயோ இருந்துச்சுப்பா" என்று கையைக் காட்டுவார். "உங்க கல்யாணத்தப்போ வலை காயப்போட்ட இடம் எது? மாதா கோயில் தேர் எதுவரைக்கும் வந்துச்சு? எந்தப் புயலுக்கு அப்புறம் மரம் ஏத்தி வைக்க இடமில்லாம போச்சு?" என்று கேட்டால் இடமும் வருடமும் தானாக வரும். இதில் மரம் என்பது கட்டுமரம். வெளியூர் ஆசிரியர்கள் தென்னை என்று எழுதிக்கொண்டுவிடுவார்கள், கவனம்.

இனி புதுச்சேரிக் கதை. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளும் 2 கல் கரங்கள் கட்டப்பட்டன. 1989-ல் வேலை முடிந்தது. முகத்துவாரத்தை மணல் அடைக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் முகத்துவாரத்தை அடைத்த அதே மணல்தான் வடக்கே கரையைக் காத்துவந்த மணலும். தெற்குக் கரம் அதைப் பிடித்து நிறுத்தியது. இது நடக்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது தேவையான அளவுக்குத் தொடர்ந்து நடக்கவில்லை. என்னைக் கேட்டால் பிரச்சினையின் வேர் கல்லில்கூட இல்லை, இங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்கு ஒருமுறை பணம் ஒதுக்குவது எளிது. வருடாவருடம் மணல் அள்ளிப் போடுவதற்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை.

பிள்ளைகளை ஒரே நாளில் இரண்டு பக்கத்துக்கும் கூட்டிப்போங்கள் என்று மற்ற ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்வேன். காலையில் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம். அங்கே தண்ணீரைத் தொட மணலில் நன்றாக நடக்க வேண்டும். அடுத்து வடக்கே வந்து பீச் ரோடு, அங்கிருந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். வரிசையாகக் கல். இடையில் உள்ளது சில கிலோமீட்டர்தான். இதைப் பார்த்த ஒரு மாணவி, "நம்ம மணல் அங்க மாட்டிக்கிட்டு இருக்கு சார்" என்றாள். பாதி சரி. மாட்டிக்கொண்டது ஒரு பங்கு. முகத்துவாரத்தைச் சுற்றிவந்து வாய்க்காலுக்குள் விழுவது ஒரு பங்கு. ஆழத்துக்குப் போய்க் கரைக்கே திரும்பாமல் போவது ஒரு பங்கு. அதனால் தெற்கே இருப்பதை ஒருநாள் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினால் கணக்கு நேராகிவிடாது. ஓட்டத்தைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் அங்கே காட்டலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே கடலுக்குள் பாலம் இருந்தது. அது தூண்களின் மேல் நின்ற பாலம், அலையும் மணலும் அடியில் புகுந்து போய்விடும். அதன் மிச்சமான தூண்கள் சில இன்னும் தண்ணீரில் தெரிகின்றன. 1960-களில் கட்டிய அடுத்த பாலமும் தூண்களில் நின்றதுதான், அதில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. கடலுக்குள் கட்டுமானம் நீட்டினாலே அரிப்பு வந்துவிடும் என்று பிள்ளைகள் பொத்தாம்பொதுவாக எழுதும்போது இந்த இரண்டையும் நினைவுபடுத்துவேன். மணல் போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கல் கொட்டினால் என்ன ஆகும்? கல்லுக்குப் பின்னால் இருக்கிற வீடும் சாலையும் அப்போதைக்குத் தப்பிக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் சரிவான மணலில் ஏறிச் சோர்ந்துபோகிற அலை, கல்லில் மோதித் திரும்பும்போது காலடி மணலையும் வாரிக்கொண்டு போகிறது. கல்லுக்கு முன்னால் ஆழம் கூடும், கல் சரியும், மறுபடி கொட்ட வேண்டும். கல் வரிசை முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு புதிதாகத் தொடங்கும். அந்த ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்வார்கள், அங்கும் கல் வரும், பிறகு அதற்கு வடக்கே உள்ள ஊர். தந்திராயன்குப்பம், சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று மேலே போகப்போகப் பார்த்தால் இந்தச் சங்கிலி புரியும். நடுவில் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு வரும், பிறகு காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. கோப்புகள் இரண்டு அரசாங்கத்திலும் தனித்தனியாக நகர்கின்றன. மணலுக்குச் சோதனைச் சாவடி கிடையாது.

மீனவர்கள் கேட்பது பெரும்பாலும் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறிய கல் கரம். படகு நிறுத்த, வலை உலர்த்த, ஏலம் போட அவர்களுக்குக் கரை வேண்டும். நேராகப் போடும் கல் சுவர் அதைத் தராது. தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்குப் பக்கத்திலாவது கொஞ்சம் மணல் சேரும். வீட்டு வாசலில் அலை அடிக்கிறவரிடம் போய் "கல் கேட்காதீர்கள், வடக்கே இருப்பவர்களுக்குக் கெடுதல்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது வேறு. கேட்கும்போது முழுதாகக் கேளுங்கள். வளைவுகளுக்கு நடுவே மணல் நிரப்பித் தருவார்களா? கடைசி வளைவுக்கு வடக்கே என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களா? கட்டிய பிறகு கரையை யார் அளப்பார்கள்? வெறும் கல்லை மட்டும் வாங்கிக்கொண்டால், வருகிற மணலில் முதலில் வளைவுகளின் இடைவெளிதான் நிரம்பும். அதுவரை வடக்கூர் பட்டினி.

இது புதுச்சேரிக்கு மட்டும் வந்த வினை இல்லை. சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதன் அலைதடுப்புகளைச் சிதைத்த பிறகும் திரும்பக் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போய் மெரினா அகன்றது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கரை தேய்ந்து, இன்று எண்ணூர் சாலை ஓரம் கல்லாக நிற்கிறது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர் உட்கார்ந்திருக்கும் மணலுக்கும் ராயபுரத்தில் வீடு இழந்தவருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆடாமல் கேட்பார்கள். கடல் ஓங்கல் படத்துக்கு அந்த அமைதி கிடைத்ததே இல்லை.

சரி, அளப்பது எப்படி? இதற்குக் கருவி தேவையில்லை. 1961-ல் எமரி என்ற கடல் நிலவியலாளர் எழுதிய எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளத்தில் 2 நேரான கழிகள், சென்டிமீட்டர் கோடுகள் போட்டது. நடுவில் ஒன்றரை மீட்டர் கயிறு. கரை மேட்டில் ஒரு மாறாத புள்ளியில் தொடங்கிக் கடலை நோக்கி இரண்டு கழிகளையும் நேராக நிறுத்த வேண்டும். கரைப் பக்கக் கழியருகே நிற்பவர், கடல் பக்கக் கழியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக் கோடு கரைப் பக்கக் கழியை உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறதோ, அவ்வளவு தரை இறங்கியிருக்கிறது என்று பொருள். நடுவில் மணல் மேடு வந்து கடல் பக்கக் கழி உயர்ந்துவிட்டால், கரைப் பக்கக் கழியின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, கோடு கடல் பக்கக் கழியில் எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கரைப் பக்கக் கழியை, கடல் பக்கக் கழி நின்ற இடத்துக்கு மாற்றி, கடல் பக்கக் கழியை இன்னும் முன்னே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் விளிம்புவரை இப்படியே போய், இறக்கத்தைக் கூட்டி, ஏற்றத்தைக் கழித்து வரைபடத் தாளில் போட்டால் கரையின் பக்கத் தோற்றம் கிடைத்துவிடும். நம் கரை கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் கண்ணைக் கூசும். நாங்கள் மாலையில் செய்கிறோம்.

தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கட்டும். எங்கள் கோடு ஒன்று தொடங்கிய தென்னை மரமே 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலில் போய்விட்டது. பின்னால் இருந்த கோயில் சுவரிலிருந்து தூரம் அளந்து வைத்திருந்ததால் பழைய கணக்கு வீணாகவில்லை. போனில் இட அமைவைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது சில மீட்டர் தள்ளிக் காட்டும், நாம் தேடுகிற மாற்றமும் சில மீட்டர்தான்.

எப்போது அளப்பது என்பது எப்படி அளப்பதைவிட முக்கியம். நம் பக்கத்தில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆனாலும் சரிவு குறைந்த கரையில் அது பல மீட்டர் அகலமாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் வற்றம் இருக்கும் நேரத்திலேயே போக வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் ஏற்றவற்றக் கணிப்பையும் அலை எச்சரிக்கையையும் இணையத்தில் வெளியிடுகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. காற்றே இல்லாத நாளில்கூட எங்கோ தொலைவில் கிளம்பிய அலை வந்து ஏறும், கன்னியாகுமரிப் பக்கம் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். தூண்டில் வளைவுகளை ஒட்டிய இடம் இன்னும் மோசம். கல்லின் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும், கல் பாசி பிடித்து வழுக்கும். மேலே ஏறிப் படம் எடுக்க ஆசைப்படும் பையன்களுக்கென்றே ஓர் ஆசிரியர் தனியாக நிற்க வேண்டியிருக்கிறது.

பருவம் மாறினால் கரையும் மாறும். வாடைக் காலத்தின் பெரிய அலைகள் கரை மணலை இழுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் திட்டாகப் போட்டுவைக்கும். அப்புறம் அமைதியான மாதங்களில் அதில் ஒரு பங்கு திரும்பக் கரையேறும். புயலுக்கு மறுநாள் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு "கரையே போச்சு" என்று எழுதுவது எவ்வளவு தவறோ, மே மாதத்தில் போய் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதும் அவ்வளவு தவறு. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது, வகுப்பறைக்கு அது நல்ல கருவி. அங்கும் இதே விதிதான், படம் எடுத்த மாதத்தைப் பாருங்கள்.

அளவுகோல் இல்லாமலே தெரியும் சில அடையாளங்கள் உண்டு. மணல் சரிவாக இறங்காமல் கத்தியால் வெட்டியதுபோல இடுப்பளவுக்குச் செங்குத்தாக நிற்பது, சவுக்கின் வேர் வெளியே தொங்குவது, உறைகிணற்றின் உறைகள் சுற்றியிருந்த மண் போய்க் கோபுரம் மாதிரி தனியே நிற்பது. எனக்குப் பிடித்தது கறுப்பு மணல். பெரிய அலை லேசான மணலை வாரிப் போகும்போது கனமான தாதுமணல் பின்தங்கிக் கறுப்புப் படலமாகக் கிடக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு அதன்மேல் ஓட்டினால் சிலது ஒட்டிக்கொண்டு வரும். கரை மணலை ஒரு கை ஆழம் தோண்டினால் வெளிர், கறுப்பு, வெளிர் என்று அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு கறுப்பு அடுக்கும் கடல் கொந்தளித்த ஒரு காலத்தின் மிச்சம். பிள்ளைகளை அந்தக் குழியை விட்டுக் கிளப்புவதுதான் கஷ்டம்.

நாட்டளவில் என்ன நிலை என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கொடுத்த கணக்கு இருக்கிறது. இந்தியப் பெருநிலக் கரையில் சுமார் 34 சதவீதம் அரிப்பில் இருக்கிறது, சுமார் 27 சதவீதத்தில் மணல் சேர்கிறது, மீதி பெரிதாக மாறவில்லை. தமிழ்நாட்டில் அரிப்பு சுமார் 43 சதவீதம், புதுச்சேரியில் சுமார் 56. அரிப்பை மட்டும் படிக்காமல் சேர்கிற 27-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். வீராம்பட்டினமும் குருசுக்குப்பமும் அந்தக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வரத்து குறைவதற்குத் துறைமுகம் மட்டும் காரணம் இல்லை. கரைக்கு மணல் கொடுப்பவை ஆறுகள். காவிரியில் மேட்டூர் அணை 1934-ல் வந்தது, தென்பெண்ணையில் சாத்தனூர் அணை 1958-ல். அதற்குப் பிறகு தடுப்பணைகள், பாலாற்றில் லாரி லாரியாகப் போன மணல். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர் ஆற்று மணலில்தான் கட்டுகிறார். கடல் மட்ட உயர்வு இதற்கெல்லாம் மேலே மெதுவாகக் கூடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் வந்திருக்கிறது. கைக்கெட்டும் காரணத்தை அது மறைத்துவிடுகிறது.

மாற்று உண்டா? உண்டு. புதுச்சேரி தலைமைச் செயலகம் பக்கம், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை 2018-ல் கடலுக்குள் இறக்கினார்கள். எடை சுமார் 900 டன். அது தண்ணீருக்கடியில் அலையின் வேகத்தை உடைக்கிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து போட்டார்கள். பல வருடங்கள் வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் மறுபடி மக்கள் மணலில் உட்கார்ந்தார்கள். இதில் எஃகை மட்டும் பாராட்டுகிறார்கள், மணல் போட்டதை யாரும் பேசுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். நம் கரையைப் போலவே வடக்கே மணல் ஓடும் கரை அது. அவர்கள் செய்வது கடலுக்குப் பதிலாகக் குழாய் அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு, ஆண்டு முழுக்கச் செலவு வைக்கும் ஏற்பாடு.

கடற்கரைப் பராமரிப்பு என்றால் நம் ஊரில் மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும்தான் நினைவுக்கு வருகின்றன. சின்ன வீராம்பட்டினத்துக்கும் சென்னையை அடுத்த கோவளத்துக்கும் 2021-ல் நீலக்கொடி என்ற சர்வதேசக் கடற்கரைச் சான்று கிடைத்தது. தண்ணீர்த் தரம், தூய்மை, பாதுகாப்பு என்று 33 அளவுகோல்கள், நல்ல விஷயம்தான். ஆனால் கொடி வாங்கிய கரையிலும் மணல் வரத்தை ஒருவர் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும். இன்னொரு சங்கடம், சுத்தம் செய்கிற ஆர்வத்தில் அடும்புக் கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிவிடுகிறார்கள். காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கி வைப்பவை அவைதான். புயல் வரும்போது அலை முதலில் தின்பது அந்த மேட்டை, பிறகுதான் வீட்டை. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் துப்புரவுக்குப் போகும்போது பிளாஸ்டிக்கை எடுக்கலாம், கொடியைத் தொடக் கூடாது என்று பேச்சு. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் என்பதால் அப்போது டிராக்டரை மணலில் இறக்காமல் இருப்பதும் நல்லது.

அளந்த கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் பிள்ளைகளின் வரைபடங்களை ஒரு கிராம சபையில் சுவரில் ஒட்டினோம். வந்திருந்த அலுவலர் ஒருவர் முதலில் "ஸ்கூல் ப்ராஜெக்டா?" என்று சிரித்தார். ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், தேதியோடு எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்த பிறகு தன் போனில் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் மனுவில் வெறுமனே "கடல் அரிப்பால் அவதி" என்று எழுதுவதற்கும் எந்த மாதத்தில் எத்தனை மீட்டர் போனது என்று எழுதுவதற்கும் கிடைக்கும் பதிலில் வித்தியாசம் இருக்கிறது. பேசியது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து ஊர்க் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஓர் ஊர் மட்டும் கேட்டால் கல் வரும். நாலு ஊர் சேர்ந்து கேட்டால்தான் மணலைப் பற்றிப் பேச்சே தொடங்கும்.

கடைசியாக, இ.சி.ஆரில் கடல் பார்த்த மனை வாங்கப் போகிறவர்களுக்கு. என் முன்னாள் மாணவர்களே இப்போது இதைக் கேட்டு போன் செய்கிறார்கள். டிசம்பரில் போய்ப் பாருங்கள், புரோக்கர் உங்களை ஏப்ரலில்தான் கூப்பிடுவார். மனைக்குத் தெற்கே சில கிலோமீட்டருக்குள் துறைமுகமோ கல் வளைவோ முகத்துவாரமோ இருக்கிறதா, புதிதாக வரப்போகிறதா என்று விசாரியுங்கள். பக்கத்துக் குப்பத்தில் படகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். படகுகள் சாலை ஓரம்வரை ஏறி நின்றால் காரணத்தை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பத்திரத்தில் உள்ள கிழக்கு எல்லையை நிலத்தில் நின்று அளந்து பாருங்கள், சில மனைகளில் அது தண்ணீருக்குள் இருக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் உயர் அலைக் கோட்டையும் (ஏற்றத்தில் கடல் எட்டும் எல்லை) அபாயக் கோட்டையும் (அரிப்பும் கடல் மட்ட உயர்வும் எட்டக்கூடிய எல்லை) பார்த்துவிட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்வதை ஏற்றுக்கொண்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.